சாப்பிட உட்கார்ந்தால் தாடை வீங்குகிறது

கேள்வி: விசைப்படகில் கடலுக்குச் செல்லும் என் கணவருக்கு வயது 45. இரண்டு மாதங்களாக, சாப்பிடத் தொடங்கியதும் வலது தாடைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி வலிக்கிறது; சிறிது நேரத்தில் வடிந்துவிடுகிறது. பொன்னுக்கு வீங்கி என்று எண்ணிப் பற்றுப் போட்டோம். இப்போது ஸ்கேனில் உமிழ்நீர்க் குழாயில் கல் இருப்பதாகச் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை கட்டாயமா? எப்போது மீண்டும் தொழிலுக்குப் போகலாம்?
- வாசகி, பாம்பன்

பதில்: பொன்னுக்கு வீங்கி இப்படிச் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வந்து போகாது, உணவைக் கண்டு ஊறும் உமிழ்நீர் வெளியேற வழியின்றித் தேங்குவதால் வரும் வீக்கம் இது. உமிழ்நீர்க் கற்களில் ஏறத்தாழ 80 சதவீதம் தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியில்தான் உண்டாகின்றன. அதன் உமிழ்நீர் சற்றுக் கெட்டியானது, அதுவும் நீண்ட குழாய் வழியே மேலேறி நாக்குக்கு அடியில் வந்து திறக்க வேண்டியிருக்கிறது. வெயிலில் வலை இழுத்துக்கொண்டு, படகிலுள்ள குடிநீரைச் சிக்கனமாகக் குடிப்பவருக்கு அது மேலும் கெட்டிப்படக்கூடும் என்பதால், தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எல்லாருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. சிறு கல்லாக இருந்தால், நிறையத் தண்ணீர் குடித்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தாடையின் பின்புறத்திலிருந்து முகவாய் நோக்கி விரலால் மெல்ல நீவிவிட்டு, எலுமிச்சைத் துண்டைச் சுவைத்துவந்தால் தானாகவே வெளிவருவதுண்டு. வலி கடுமையாக இருக்கும் வேளையில் மட்டும் புளிப்பு வேண்டாம். நாக்குக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும் கல்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வாய்வழியாகவே எடுத்துவிடுவார்கள். உள்ளே தள்ளி நிற்கும் சிறு கல்லை, வசதியுள்ள மருத்துவமனைகளில், குழாய்க்குள் மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி எடுக்கிறார்கள். சுரப்பிக்குள்ளேயே பெரிய கல் இருந்து, அடிக்கடி சீழ் பிடித்தால்தான் கழுத்தில் கீறிச் சுரப்பியையே அகற்றும் நிலை வரும். மற்றச் சுரப்பிகள் இருப்பதால் அதன்பின் வாய் வறண்டுவிடுமோ என்ற அச்சம் பொதுவாகத் தேவையில்லை. கீழுதட்டின் ஓரம் சற்று இழுபடலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

காய்ச்சலோடு நாக்கின் அடிப்பகுதி வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றுவிடுங்கள்.

வாய்வழியாகக் கல்லை எடுத்தால் சில நாள் ஓய்வு போதும். காரமில்லாத மென்மையான உணவும், சாப்பிட்டதும் உப்புநீரால் வாய் கொப்பளிப்பதும் அவசியம். சுரப்பியை அகற்றினால் இரண்டு வாரமாவது பளு தூக்கவோ வலை இழுக்கவோ கூடாது. காயத்தைப் பார்த்து மருத்துவர் சம்மதித்த பிறகே படகேற வேண்டும்.