பலூ தம்பியை எங்கே போடலாம், எங்கே கூடாது: கேள்வி பதில்

கொழுக் மொழுக்கென்று, கையால் வரைந்தது போலிருக்கும் ‘பலூ தம்பி’ எழுத்துருவைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: யார் செய்தது? கடை போர்டில் போட்டால் காசு கேட்பார்களா?

மும்பை ‘ஏக் டைப்’ குழுவினர் செய்தது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். போர்டு, டி-ஷர்ட், புத்தக அட்டை, செயலி எதிலும் போடலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

கேள்வி: பழையதா, ‘பலூ தம்பி 2’ஆ?

‘2’தான். பழையதில் ஒரே தடிமன், புதியதில் ஐந்து.

கேள்வி: அண்ணா, குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் செய்கிறேன். முழுக்க இதிலேயே போடலாமா?

வேண்டாம் தம்பி. தமிழில் சுழிகள் அதிகம். தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை முதலில் அடைபடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு ரெண்டு சுழி ‘ன’வும் மூணு சுழி ‘ண’வும் ஒன்றாகத் தெரிந்தால் கஷ்டம். ‘ஞ’, ‘இ’ பாடும் அதேதான். அட்டைத் தலைப்புக்கும், படத்துக்குள் ‘டமால்!’, ‘தொபுக்கடீர்!’ என்று வரும் இடங்களுக்கும் இதைத் தாராளமாகப் போடுங்கள், துள்ளும். கதைக்கு அதே குழுவின் ‘முக்தா மலர்’ இருக்கிறது. இதைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தால், தடிமன் குறைந்த ரெகுலரையாவது எடுங்கள்.

கேள்வி: போட்டோஷாப்பில் ‘கொ’ அடித்தால் கொம்பு இடம் மாறி விழுகிறது. எழுத்துரு பழுதா?

எழுத்துருவில் பழுதில்லை. மென்பொருளுக்கு இந்திய மொழிகளைக் கோக்கும் வசதியை நீங்கள் இயக்கவில்லை. ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்ற தேர்வைத் தேடி எடுங்கள். ரொம்பப் பழைய பதிப்பு என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தலைப்பைச் செய்துவிட்டு அங்கே கொண்டுபோங்கள்.

கேள்வி: ஃபிளெக்ஸ் கடையில் பாமினியில் அடித்ததை பலூ தம்பிக்கு மாற்றினால் ஆங்கில எழுத்தாக வருகிறதே?

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கும் பழைய ஏற்பாடு. பலூ தம்பி யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் உள்ள ஏற்பாடு. இணையத்தில் இருக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகு எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நீங்களே வடிவமைத்து, எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றிக் கொடுத்துவிடுவது. கடைக் கணினியில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்புறம் கவலையில்லை.

கேள்வி: அழைப்பிதழுக்கு?

பிறந்தநாளுக்கு ஜோர். வளைகாப்புக்கும் சரி. தாத்தாவின் கண்ணீர் அஞ்சலியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு வரித் தலைப்பு இடிக்கிறது.

நெருக்கி வைத்திருப்பீர்கள். மேல்வரி ‘ழு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் முட்டும். இடைவெளியைக் கூட்டுங்கள். இடமில்லை என்றால் வால் வராத வேறு சொல்லை மேலே போட முடியுமா என்று பாருங்கள்.