கார்டு வட்டியும் ஃபீஸும் ஏத்துறோம்னு மெயில் வந்திருக்கா? அந்த 30 நாளை விட்டுடாதீங்க

கேள்வி: சார், ஈரோட்டுல ஒரு ஜவுளிக் கடையில கணக்கு பார்க்கிறேன். ஆறு வருஷமா வச்சிருக்கிற கிரெடிட் கார்டுக்கு போன வாரம் பேங்க்ல இருந்து மெயில் வந்துச்சு. அடுத்த மாசத்துல இருந்து வட்டி மாசத்துக்கு 3.5 சதவீதத்துல இருந்து 3.75 ஆகுதாம், வாலட்ல பணம் ஏத்தினா 1 சதவீதம் ஃபீஸாம், வருஷ ஃபீஸ் தள்ளுபடி ஆக இதுவரை 1 லட்சம் செலவு பண்ணா போதும், இனி 2 லட்சமாம். கார்டுல 40,000 பாக்கி நிக்குது, மினிமம் மட்டும் கட்டிட்டு வரேன். மொபைல் வாங்கின ஈஎம்ஐயும் இன்னும் 5 மாசம் இருக்கு. என்னைக் கேக்காம இப்படி மாத்த முடியுமா? கார்டை மூடிடலாமா, மூடினா சிபில் ஸ்கோர் அடி வாங்குமா?

பதில்: மாத்தலாம்ங்க. உங்ககிட்ட சம்மதம் கேக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா முன்கூட்டியே சொல்லணும். ரிசர்வ் பேங்க் 2022 ஏப்ரல்ல கார்டுகளுக்குன்னே தனியா விதிகள் கொண்டு வந்துச்சு, அதே வருஷம் ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்தது. அதுபடி கண்டிஷன் மாத்துனா 30 நாள் நோட்டீஸ் தரணும், ஃபீஸ் உயர்வு இனிமே நடக்கிறதுக்குத்தான் பொருந்தணும், போன மாசம் நீங்க பண்ண செலவுக்கு இந்த மாசம் புது ஃபீஸ் போட முடியாது. இதுவரைக்கும் நமக்கு சாதகம். அதே விதியில இன்னொன்னும் இருக்கு, அதை பல பேர் கவனிக்கிறதே இல்ல: அந்த 30 நாளுக்குள்ள நீங்க கார்டு வேணாம்னு சொல்லலன்னா புது கண்டிஷனை ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அதாவது சும்மா இருந்தாலே சம்மதம். ப்ரொமோஷன்ஸ் டேபுல ஆஃபர் மெயிலோட மெயிலா கெடந்தாலும் அது நோட்டீஸ்தான், அதனால மெயில் வந்த தேதியையும் அமலுக்கு வர்ற தேதியையும் முதல்ல குறிச்சு வச்சுக்கோங்க.

வட்டி இவ்வளவு வாங்கலாமான்னு கேஸ் போடலாமேன்னு சில பேர் கேப்பாங்க. 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் கிரெடிட் கார்டு வட்டி வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு தீர்ப்பு சொன்னது உண்மைதான், ஆனா 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. அதனால 3.75 அநியாயம்னு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேணாம், அந்த நேரத்துல பாக்கியை அடைக்க வழி பாருங்க.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம், நீங்களே கணக்கு பார்க்கிறவர்தானே. 40,000க்கு 3.5 சதவீதம்னா மாசம் 1,400, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 252, ஆக 1,652. புது ரேட்ல 1,500ம் 270ம் சேர்ந்து 1,770. வித்தியாசம் 118 ரூபாதானே, ஒரு பிரியாணி காசுன்னு தோணும். ஆனா உங்க பில்லுல மினிமம் 2,000 ரூபான்னு வச்சுக்கிட்டா இதுவரை அசல்ல 348 ரூபா குறைஞ்சிட்டு இருந்துச்சு, இனி 230 ரூபாதான் குறையும். ரெண்டாயிரம் கட்டி இருநூத்தி முப்பது குறையுதுன்னா இது எப்ப முடியும்? பழைய ரேட்லயே வருஷத்துக்கு சுமார் 19,000 வட்டியும் ஜிஎஸ்டியுமா குடுத்துட்டு இருக்கீங்க, மெயில் வந்ததாலதான் இது கண்ணுல பட்டிருக்கு. இதுல இன்னொரு வம்பும் இருக்கு, பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் 50 நாள் வட்டியில்லா காலம்ங்கிறது முழுசா கட்டுறவங்களுக்கு மட்டும்தான். அதனால இன்னைக்கே அந்த கார்டுல பெட்ரோல் போடுறதைக்கூட நிறுத்துங்க.

40,000ஐ எப்படி அடைக்கிறது? வீட்டுல நகை இருந்தா பேங்க்ல நகைக்கடன் வச்சு ஒரே அடியா கட்டிடுங்க. மாசம் 3.75ன்னா வருஷத்துக்கு 45 சதவீதம், பேங்க் நகைக்கடன் வட்டி அதை விட ரொம்பவே கம்மி. நகையை எடுத்துட்டுப் போக வீட்டுல சம்மதிக்கலன்னா அந்த பாக்கியையே ஈஎம்ஐயா மாத்தித் தரச் சொல்லி ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ கேளுங்க. ஈஎம்ஐ ரேட் கார்டு வட்டியை விட கணிசமா கம்மியாத்தான் இருக்கும், ஆனா ப்ராசஸிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, முன்னாடியே அடைச்சா எவ்வளவு பிடிப்பாங்க, இந்த மூணையும் கேட்டுட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. போன்ல பேசுறவங்க மாசத் தவணையை மட்டும்தான் இனிக்க இனிக்க சொல்லுவாங்க. மொபைல் ஈஎம்ஐக்கு பயப்பட வேணாம், அது எடுக்கும்போதே பேசி முடிச்ச ரேட், வழக்கமா அது மாறாது.

வாலட் ஃபீஸ் பெரிய விஷயமே இல்ல. 5,000 ஏத்தினா 50 ரூபா, ஜிஎஸ்டியோட 59. பேங்க் அக்கவுண்ட்ல இருந்தே யுபிஐல அனுப்பிட்டா செலவே இல்ல. வருஷ ஃபீஸ்லதான் ஒரு விஷயம் கேக்கணும். கார்டு வருஷம்ங்கிறது ஜனவரி டு டிசம்பர் இல்ல, உங்களுக்கு கார்டு குடுத்த மாசத்துல இருந்து அடுத்த வருஷம் அதே மாசம் வரை. நடுவுல இருக்கிற இந்த வருஷத்துக்கு பழைய 1 லட்சம் கணக்கா, புது 2 லட்சமான்னு மெயில்லயே கேட்டு, மெயில்லயே பதில் வாங்கி வச்சுக்கோங்க. தள்ளுபடி ஆகணும்ங்கிறதுக்காக தேவையில்லாத 1 லட்சம் சாமான் வாங்குறவங்களை நிறைய பார்த்திருக்கேன், 500 ரூபா ஃபீஸை மிச்சம் பண்ண ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வச்சிருப்பாங்க!

மூடுறதா இருந்தா இதையும் கேட்டுக்கோங்க. கட்டணம் ஏத்தினதால கார்டு வேணாம்னு சொன்னா மூடுறதுக்குன்னு தனியா எதுவும் வாங்கக்கூடாது, ஆனா பாக்கி முழுசா கட்டியிருக்கணும், மொபைல் ஈஎம்ஐயோட மிச்ச அசலும் அதுல சேரும், அதனால உங்க நிலைமைல 30 நாளுக்குள்ள மூடுறது கஷ்டம்தான். நோட்டீஸ் காலம் தாண்டினாலும் மூடுற உரிமை எங்கயும் போயிடாது, புது ஃபீஸ் ஓடிட்டு இருக்கும், அவ்வளவுதான். மூடுற அன்னைக்கு ரிவார்டு பாயிண்ட்டை முதல்ல செலவு பண்ணிடுங்க, கரண்ட் பில், ஓடிடி மாதிரி ஆட்டோ டெபிட் இருந்தா வேற கார்டுக்கு மாத்திடுங்க. தபால்ல லெட்டர் அனுப்புங்கன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, போன், மெயில், ஆப்னு ஆன்லைன் வழியிலயே வாங்கிக்கணும்னு விதி. பாக்கி இல்லாத பட்சத்துல 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தவறினா ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபா உங்களுக்கு அவங்க தரணும். அதனால ரெக்வெஸ்ட் நம்பர் வாங்காம போனை வைக்காதீங்க.

சிபிலைப் பத்தி: ஸ்கோர் கொஞ்சம் ஆடலாம். ஒரே கார்டு அதுவும் பழைய கார்டுன்னா ஆட்டம் கொஞ்சம் கூட இருக்கும். வேற கார்டும் இருந்தா உங்க மொத்த லிமிட் குறையுது, அந்த கார்டுல இருக்கிற பாக்கி மிச்ச லிமிட்டுல பெரிய பங்கா தெரியும். ஆறு மாசத்துல வீட்டுக் கடன் போடுற ஐடியா இருந்தா இப்ப மூட வேணாம்னு சொல்லுவேன், இல்லன்னா இதுக்காக தூக்கம் கெட வேணாம். ஒழுங்கா கட்டின வரலாறு மூடின பிறகும் ரிப்போர்ட்ல இருக்கும். உங்க விஷயத்துல நான் சொல்றது, முதல்ல 40,000ஐ அடைங்க, ஈஎம்ஐ முடியட்டும், அதுவரைக்கும் கார்டு பீரோவுல இருக்கட்டும், வருஷ ஃபீஸ் வர்ற மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணி தள்ளுபடி குடுங்க, இல்லன்னா மூடுறேன்னு கேளுங்க, பல தடவை குடுத்துடுவாங்க.

இந்த மெயில் சீசன்ல ஃபீஸ் கேன்சல் பண்ணித் தரேன், ஓடிபி சொல்லுங்கன்னு போன் வரும், கட் பண்ணிடுங்க. பேங்க் சொன்னபடி நடக்கலன்னா முதல்ல அவங்ககிட்டயே எழுத்துல புகார் குடுங்க, 30 நாள்ல பதில் வரல இல்ல பதில் திருப்தியா இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) ஆன்லைன்ல போகலாம், காசு கிடையாது, வக்கீலும் வேணாம். 14448க்கு போன் பண்ணா எப்படி போடணும்னு சொல்லுவாங்க. அந்த மெயிலோட ஸ்க்ரீன்ஷாட், ரெக்வெஸ்ட் நம்பர், கடைசி பில் மூணும் கையில இருக்கட்டும்.