பத்தாயிரம் ரூபாய்க்குள் பறவை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்?

பறவை பார்க்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன், பட்ஜெட் பத்தாயிரம், மூக்குக்கண்ணாடி போடுபவன், 20 மடங்கு, 30 மடங்கு என்று போட்டு விற்பதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை வாங்காதீர்கள். 8×42 அல்லது 8×40 என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடும்போது பறவையோடு சேர்ந்து கை நடுக்கமும் பெரிதாகும். 10 மடங்கையே ஆடாமல் பிடிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். 20 என்றால் ஸ்டாண்ட் இல்லாமல் வேலைக்கு ஆகாது. தெரியும் பரப்பும் சுருங்கிவிடும். நல்ல 8 மடங்கு பைனாகுலரில் 1000 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 130 மீட்டர் அகலம் தெரியும். புளியமரத்தில் கிளைக்குக் கிளை தாவும் மாங்குயிலைப் பிடிக்க அந்த அகலம்தான் உதவும். இல்லாவிட்டால் நீங்கள் இலை இலையாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அது பக்கத்துத் தோப்புக்குப் போயிருக்கும்.

சட்டைப்பைக்குள் அடங்கும் 8×21 மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றலாம். 21-ஐ 8-ஆல் வகுத்தால் 2.6. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை அத்தனை மில்லிமீட்டர் அகலம்தான். 8×42-ல் அது 5.25. பட்டப்பகலில் நம் கண்மணியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் விரியும் என்பதால், மத்தியான வெயிலில் கடை வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நாம் ஏரிக்கரைக்குப் போவது விடிந்தும் விடியாத நேரத்தில். அந்த வெளிச்சத்தில் சின்ன பைனாகுலரில் பார்த்தால் பொரி உள்ளானின் முதுகுப் புள்ளிகள்கூடத் தெரியாது, எல்லாமே ஒரு சாம்பல் குருவிதான்.

அடுத்து, உள்ளே இருக்கும் பட்டகம், அதாவது ஒளியைத் திருப்பிவிடும் பிரிசக் கண்ணாடி. அதில் இரண்டு வகை. தோள் அகன்று, கண் வைக்கும் குழாயும் முன்குழாயும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருப்பது போரோ. ஒல்லியாக நேர்க்குழாயாக இருப்பது ரூஃப். ரூஃப் வகையில் போரோவின் தெளிவைக் கொண்டுவர நுணுக்கமான பட்டகமும் தனிப் பூச்சும் வேண்டும், அதற்குக் காசு ஆகும். மலிவான ரூஃபில் அதில்தான் கை வைப்பார்கள். அதனால் பத்தாயிரத்துக்குள் என்றால் என் ஓட்டு போரோவுக்கு. ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1, நிக்கான் அகுலான் ஏ211 8×42 இரண்டும் இந்த வகை. இரண்டுமே 700 கிராமுக்குக் குறையாது, கழுத்து வலிக்கும். கூட வரும் மெல்லிய வாரைக் கழற்றிவிட்டு அகலமான வார் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கண்ணாடி போடுபவர். கண்ணாடியோடு பார்க்க, பைனாகுலரின் கண்வில்லைக்கும் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) கண்ணுக்கும் நடுவே 15 மில்லிமீட்டராவது இடைவெளி கிடைக்க வேண்டும். அகுலானில் அது 12தான், ஓரமெல்லாம் வெட்டுப்படும். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருகியே சரிசெய்யலாம். சிலிண்டர் பவர் (பார்வைச் சிதறலுக்குக் கொடுப்பது) இருந்தால் அதுவும் நடக்காது. கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதற்குள் பறவையும் பறந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42 வாங்குவேன். ரூஃப்தான், பார்க்கும் அகலமும் சற்றுக் குறைவு. ஆனாலும் இடைவெளி 20 மில்லிமீட்டர், தண்ணீரும் புகாது.

முடிந்தவரை கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கிக் காட்டி, கண்வில்லையில் தெரியும் ஒளி வட்டத்தைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருந்தால் நல்லது. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டுப்பட்டால் பட்டகம் மட்டரகம். பிறகு தூரத்து விளம்பரப் பலகையின் எழுத்தைப் பாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் கண் இழுப்பதுபோல இருந்தாலோ, குழாய்கள் இரண்டும் ஒரே திசையில் இல்லை என்று பொருள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்லென்ஸ் ரத்தச் சிவப்பாக மின்னுவதையும், 10-30 என்று ஜூம் போட்டு விற்பதையும் தொடவே வேண்டாம்.

வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது, பலர் செய்வதில்லை. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நடுச் சக்கரத்தைத் திருகி ஒரு பொருளைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலதுபக்கக் கண்வில்லையில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் "மங்கலா தெரியுது" என்று பைனாகுலரைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடலோர ஊராக இருந்தால், முக்கியமாகப் போரோ வாங்கினால், பூஞ்சைதான் எதிரி. பையிலேயே போட்டு பீரோவில் பூட்டிவைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு அதில் வையுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.