மண் இல்லாத ஆறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தை ஆறு வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

ஒரு கற்பனை நாட்டை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்டுக்கு முதுகெலும்பு செவ்வேணி என்ற ஆறு. கிழக்கே பனிமலையில் பிறந்து 1,800 கிலோமீட்டர் ஓடுகிறது. நாட்டின் நடுவே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை வடகடலிலும் மற்றொன்று தென்கடலிலும் கலக்கிறது. பிரியும் இடத்தில் தலைநகரம். ஈராயிரம் ஆண்டுகளாக அதே கரையில் இருக்கும் நகரம். தென்கிளைதான் பக்கத்து நாட்டுக்கு எல்லை. இந்த ஆற்றின் புவியியலையும் வரலாற்றையும் மட்டும் 62 பக்கங்கள் எழுதி வைத்திருக்கிறேன். 14 மன்னர்கள், 3 போர்கள், ஆற்றுத் தேவதையின் கதை எல்லாம் அதில் உண்டு. வரைபடத்தையும் இணைத்திருக்கிறேன். அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாதங்களில், இரவு பக்கத்தில் விழித்திருக்க வேண்டியிருந்தபோது வரைந்தது.

இந்த 62 பக்கங்களை முதல் அத்தியாயமாக வைப்பதா, பின்னிணைப்பாக வைப்பதா? ஆற்றின் பெயர் பொருந்துகிறதா? வரைபடம் போட்டால் வாசகனின் கற்பனை குறுகிவிடும் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

செவ்வேணி நல்ல பெயர். மாற்ற வேண்டாம். வரைபடம் கற்பனையைக் குறுக்குமா என்பது நீங்களும் நண்பரும் பொழுதுபோகாத நாளில் பேசிக்கொள்ள உதவும், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. தேவதையின் கதையில் இரண்டு பக்கம் வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். சபிக்கப்பட்ட பெண் ஆறாகிறாள். ஆகட்டும்.

படத்தைத்தான் அச்செடுத்து மூன்று நாட்களாக மேசைமீது விரித்து வைத்திருக்கிறேன். பென்சில் கோட்டை அழித்த தடம்கூடத் தெரிகிறது. மலைகளுக்குப் போட்ட சின்னச் சின்னக் கோடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் ஒரே அளவில். தூங்கிவிடக் கூடாது என்று போட்ட கோடுகள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

இனி திட்டு.

நடுநாட்டில் ஒரு ஆறு இரண்டாகப் பிரிந்து இரண்டு கடலுக்குப் போகாது. கழிமுகத்தில் பிரியும், சரி. உள்நாட்டில் அப்படிப் பிரிந்தால், இரண்டில் எதன் சரிவு கொஞ்சம் கூடுதலோ அது தன் படுகையை அரித்து ஆழமாக்கி, மற்றதன் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். நாளடைவில் மற்றது மணல் தடமாகக் கிடக்கும். உடனே நீங்கள் தென்னமெரிக்காவின் காசிக்கியாரேயைக் காட்டுவீர்கள் என்று தெரியும். 1800-இல் ஹம்போல்ட் படகிலேயே போய்ப் பார்த்த ஆறு. ஒரினோக்கோவின் தண்ணீரில் ஒரு பங்கைப் பிரித்துக்கொண்டுபோய் அமேசானின் துணையாறான ரியோ நேக்ரோவில் சேர்க்கிறது. உண்மைதான். ஆனால் அது அபூர்வம் என்பதால்தான் ஹம்போல்ட் கொசுக்கடியைத் தாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போனார். உங்கள் 14 மன்னர்களில் ஒருவன்கூட, நம் ஆறு ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்கவில்லையே.

மூன்றாவது போரில் கடுங்கோடையில் ஆறு வற்றிவிட, எதிரிப்படை நடந்தே கடக்கிறது. பனிமலையில் பிறந்த ஆறு கோடையில்தான் பெருகி ஓடும். படையைக் குளிர்காலத்தில் கடக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஒரு மாலையில் திருத்திவிடக்கூடியவை. என்னை உறுத்துவது வேறு. உங்கள் 62 பக்கங்களில் மண் இல்லை. தண்ணீர் இருக்கிறது, படகு இருக்கிறது, அலையில் உடையும் நிலவு நான்கு இடத்தில் இருக்கிறது. வண்டல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் பாடப்புத்தகத்தில் வருவதுபோல ‘வளமான வண்டல்’ என்று.

இருபத்து மூன்று வயதில் நானும் ஒரு நாட்டை வரைந்தேன். அதிலும் ஓர் ஆறு. அதைப் பெருமையாகக் கொண்டுபோய், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டினேன். பாசனத்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். “தம்பி, இந்த ஆறு மண்ணை எங்கே போடுது?” என்று கேட்டார். கடலில் என்றேன். “அதுவரைக்கும் எல்லாத்தையும் தூக்கிட்டே போகுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். கட்டட வேலைக்காகக் கொட்டிய மணல் குவியல் ஒன்று வாசலில் கிடந்தது. ரப்பர் குழாயை அதன் உச்சியில் செருகி, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். தீப்பெட்டியை என் கையில் கொடுத்து, “உன் ஊரையெல்லாம் நடு” என்றார்.

தண்ணீர் மேலே ஒரு பள்ளம் அறுத்துக்கொண்டு இறங்கியது. அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் அதற்குத் தெம்பு போய்விட்டது, கொண்டுவந்த மணலை அங்கேயே விசிறிபோலப் போட்டது. நான் தலைநகரத்துக்கான தீக்குச்சியை ஓடையின் கரையிலேயே நட்டேன். ஓடையின் தரை மெல்ல மேடேறியது. இரு ஓரங்களும் ஏறின. கொஞ்ச நேரத்தில் ஓடை பள்ளத்தில் ஓடவில்லை, ஒரு சின்ன வரப்பின் முதுகில் ஓடியது. நான் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு முழம் மேலே, யாரும் பார்க்காத இடத்தில், வரப்பு உடைந்தது. தண்ணீர் பக்கவாட்டில் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போய்விட்டது. என் தலைநகரம் ஈர மணலில் தனியாக நின்றது.

விடவில்லை. புது ஓடையின் கரையில் குச்சியை நட்டு, இரு பக்கமும் விரலால் மணலைக் கூட்டிக் கரை கட்டினேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். “கட்டு, கட்டு. நீ எவ்வளவு உயரமாக் கட்டுறியோ அவ்வளவு உயரத்திலேருந்து விழும்.” விழுந்தது. ஒரு மணி நேரத்தில் என் தலைநகரம் மூன்று முறை ஆற்றை இழந்தது. அந்த நாவலை நான் முடிக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

அந்தக் குவியலில் நான் பார்த்ததுதான் சீனத்தின் மஞ்சள் ஆற்றிலும் நடக்கிறது. காற்றடித்துக் குவித்த புழுதி மண்ணாலான மேட்டு நிலத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இரு பக்கமும் கரை கட்டக் கட்ட, படுகை உயர்ந்து, கீழ்ப்பகுதியில் ஆறு சுற்றியுள்ள வயல்களைவிட உயரத்தில் ஓடுகிறது. அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆறு. அதுவரை சாண்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே கடலில் கலந்துகொண்டிருந்தது, 1855-இல் உடைத்துக்கொண்டு வடக்கே போய்விட்டது. 1938-இல் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன அரசே கரையை உடைத்தது. ஆறு மறுபடி தெற்கே பாய்ந்தது, லட்சக்கணக்கான சொந்த மக்கள் செத்தார்கள். பிகாரின் கோசி சுமார் இருநூறு ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்த ஆறு. 1950-களில் அதற்குக் கரை கட்டினார்கள். 2008 ஆகஸ்டில் நேபாளப் பகுதியில் கரை உடைந்து, என்றைக்கோ விட்டுப்போன பழைய தடத்தில் இறங்கியது. அந்தத் தடம் முழுக்க அதற்குள் ஊர்கள்.

உங்கள் நகரம் ஈராயிரம் ஆண்டு அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. சீனத்தின் கைஃபெங் நகரம் அப்படித்தான் இருக்கிறது, தன்மேல் தானே ஏறி நின்றுகொண்டு. 1642-இல் மஞ்சள் ஆறு அந்த நகரத்தை மூழ்கடித்து மண்ணால் மூடியது. இன்றைய தெருக்களுக்கு அடியில் பழைய தெருக்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. உங்கள் தலைநகரத்தில் யாராவது கிணறு தோண்டும்போது ஒரு வீட்டுக் கூரை தட்டுப்படுகிறதா? ஓரிடத்திலும் இல்லை.

இல்லையென்றால் நகரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எகிப்திய மன்னன் இரண்டாம் ராமேசஸ் நைல் கழிமுகத்தின் கிழக்குக் கிளையில் பி-ராமேசஸ் என்று ஒரு தலைநகரம் வைத்திருந்தான். அந்தக் கிளை தூர்ந்துபோனது. பிற்பாடு வந்த அரசர்கள் கோயில் கற்களையும் சிலைகளையும் தூண்களையும் பெயர்த்து, வடக்கே ஓடிக்கொண்டிருந்த வேறொரு கிளையின் கரைக்குக் கொண்டுபோய் தானிஸ் என்ற நகரத்தை எழுப்பினார்கள். எல்லாக் கல்லிலும் ராமேசஸின் பெயர். இருபதாம் நூற்றாண்டில் தானிஸைத் தோண்டியவர்கள், பெயரைப் பார்த்துவிட்டு இதுதான் ராமேசஸின் தலைநகரம் என்று நம்பினார்கள். உண்மையான இடம் வயல்களுக்கு நடுவே கிடந்தது. பெரிய சிலையொன்றின் பாதங்கள் மட்டும் அங்கேயே இருந்தன. இதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாட்டின் தொல்லியலையே ஏமாற்றிவிட்டது ஆறு விட்டுப்போன மண். நம் கொற்கையும் தாமிரபரணி கொட்டிய மண்ணில் கடலை இழந்த துறைமுகம்தானே.

எல்லைக்கு வருகிறேன். மிசிசிப்பியின் கிழக்குக் கரையில் இருந்த கஸ்காஸ்கியா என்ற ஊர் இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரம். 1881 வெள்ளத்தில் ஆறு அதன் மறுபக்கத்தில் புதுவழி எடுத்தது. மேற்குக் கரைக்கு வந்துவிட்டபோதும் ஊர் இன்றுவரை இல்லினாயில்தான் இருக்கிறது. உங்கள் தென்கிளை ஓரிரவில் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால், நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்துக்காரன் யாருக்கு வரி கட்டுவான்? உங்கள் மூன்று போர்களையும்விட எனக்கு அவன்மேல்தான் ஆர்வம்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஜேம்ஸ் ரென்னலின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1760-களிலும் 70-களிலும் வங்காளத்தின் ஆறுகளைப் படகில் அலைந்து அளந்தவர். ஒரு மோதலில் வெட்டுப்பட்டு, சாகப் பிழைக்கக் கிடந்து, எழுந்து வந்து மறுபடி அளந்தார். அவருடைய படத்தில் தீஸ்தா கங்கையோடு சேரும். பிரம்மபுத்திரா மைமன்சிங் பக்கமாக ஓடும். 1787-இல் பெரும் வெள்ளம். தீஸ்தா கங்கையை விட்டுப் பிரம்மபுத்திராவுக்குத் திரும்பியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவும் மேற்கே தாவி, இன்று வங்கதேசத்தில் யமுனா என்று சொல்லப்படும் தடத்துக்குப் போய்விட்டது. அந்தப் படம் அப்போது தவறில்லாமல்தான் இருந்தது. மை காய்வதற்குள் ஆறு எழுந்து போய்விட்டது.

அதே ரென்னல் 1790-களின் முடிவில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, பிறர் கொண்டுவந்த குறிப்புகளை வைத்து மேற்கு ஆப்பிரிக்காவை வரைந்தார். நைஜர் ஆறு எங்கே போகிறது என்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாத காலம். கடல் பக்கத்திலேயே பிறந்தும் கடலுக்கு முதுகைக் காட்டிப் பாலைவனத்தை நோக்கி ஓடி, அப்புறம் வளைந்து தெற்கே திரும்பும் ஆறு. நீங்கள் அப்படி வரைந்திருந்தால் நானே அடித்திருப்பேன். ரென்னல் அதைத் தெற்கே திரும்பவிடாமல் குறுக்கே காங் மலைகள் என்று ஒரு நீண்ட தொடரைப் போட்டார். அப்படி ஒரு மலையே இல்லை. 1830-இல் லாண்டர் சகோதரர்கள் ஆற்றோடு போய்க் கடலில் வெளியே வந்த பிறகும், 1880-களின் இறுதியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி நடந்தே போய்ப் பார்க்கும்வரை, படங்களில் அந்த மலை நிமிர்ந்து நின்றது. கால் வலிக்க அளந்த ஆறு முப்பது ஆண்டுகூட நிற்கவில்லை. கண்ணால் காணாத மலை தொண்ணூறு ஆண்டு நின்றது.

62 பக்கங்களை எங்கே வைப்பது என்றீர்கள். இப்போதைக்கு இழுப்பறையில் வையுங்கள். முதலில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: தலைநகரத்தின் படித்துறை, ஆறு போய் அறுபது வருடம் ஆன பிறகு. கடைசிப் படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எதைக் காயப் போட்டிருக்கிறார்கள், படகு கட்டிய வளையத்தில் இப்போது எதைக் கட்டுகிறார்கள். நிலவு வேண்டாம்.

படத்தைக் கிழித்துவிடாதீர்கள். உங்கள் நாவலில் அரண்மனையைத் தாண்டி வெளியே போகாத ஒரு வரைபடக்காரன் இருக்கட்டும், நோயாளி ஒருவரின் கட்டிலருகே இரவில் விழித்திருப்பவன். இரண்டு கடலுக்கும் போகும் செவ்வேணி அவன் வரைந்ததாகவே இருக்கட்டும். மலைக்கோடுகளையும் எண்ணிக்கை குறையாமல் அப்படியே போடுங்கள்.