‘பெட்டிசியோ பிரின்சிபீ’ என்ற ஆட்சேபத்தை நடுவர் எப்போது ஏற்கலாம்?

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். “மதுக்கடைகளை மூட வேண்டும், ஏனெனில் மது விற்பனை நிறுத்தப்பட வேண்டிய ஒன்று” என்று ஒரு மாணவர் பேசியதும், எதிரணியினர் ‘பெட்டிசியோ பிரின்சிபீ’ என்று ஆட்சேபித்தனர். இத்தொடரின் பொருள் என்ன? அந்த ஆட்சேபம் செல்லுமா?

பதில்: செல்லும். நிறுவ வேண்டிய முடிவையே காரணமாகக் காட்டும் பிழைக்கு வழங்கும் இலத்தீன் பெயர் இது. ‘பெட்டிசியோ’ என்றால் கேட்டுப் பெறுதல். ‘பிரின்சிபீ’ என்றால் தொடக்கத்தினுடைய. பிழைக்கும் கேட்பதற்கும் என்ன தொடர்பு என்பது, இத்தொடர் பிறந்த இடத்தைப் பார்த்தால்தான் விளங்கும். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்சில் விவாதம் ஒரு பயிற்சியாகவே நடந்தது: ஒருவர் ஒரு கருத்தைக் காத்து நிற்பார், மற்றவர் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவர் ஒப்புக்கொள்பவற்றைக் கொண்டே அவருடைய கருத்தைத் தகர்க்க முயல்வார். அவ்வாறு கேட்பவர், தொடக்கத்தில் எது வழக்காக வைக்கப்பட்டதோ அதையே ஒப்புக்கொள்ளும்படி கேட்பதைத்தான் அரிஸ்டாட்டில் ‘தொடக்கத்தில் உள்ளதைக் கேட்டல்’ என்றார். தம் தருக்க நூல்களான ‘டாபிக்ஸ்’ எட்டாம் பகுதியிலும் ‘பிரையர் அனலிட்டிக்ஸ்’ இரண்டாம் பகுதியிலும் இதை அவர் விளக்குகிறார். அந்தக் கிரேக்கத் தொடரின் இலத்தீன் வடிவமே நீங்கள் கேட்டது. (இதற்கு வழங்கும் ‘பெக்கிங் தி கொஸ்டின்’ என்ற ஆங்கிலத் தொடரை இன்று பலர் ‘ஒரு கேள்வியை எழுப்புகிறது’ என்ற பொருளில் ஆள்கின்றனர், அது வேறு.)

இப்பிழை அப்பட்டமாக வருவது அரிது. பெரும்பாலும் வேறு சொல்லில் ஒளிந்தே வரும். ஆங்கிலேயத் தருக்க அறிஞர் ரிச்சர்ட் வேட்லி 1826இல் வெளியிட்ட தருக்க நூலில், ஆங்கிலத்தின் சொற்கள் இருவேறு மூலங்களிலிருந்து வந்தவையாதலால், ஒன்றில் சொன்னதை மற்றொன்றில் திருப்பிச் சொல்லிக் காரணம்போலக் காட்டிவிட முடிகிறது என்கிறார். தமிழில் இந்த வசதி இன்னும் அதிகம் என்பது என் எண்ணம். “இச்சட்டம் முறையற்றது, ஏனெனில் இது அநீதியானது” என்றால் அவையில் கைதட்டல்கூடக் கிடைக்கும். ஆனால் தமிழ்ச்சொல்லில் சொன்ன முடிவு வடசொல்லில் திரும்பி வந்திருக்கிறதே தவிர, புதிதாக எதுவும் சேரவில்லை.

இன்னொன்றையும் நடுவர் கவனிக்க வேண்டும். ‘அ உண்மை, ஆகவே அ உண்மை’ என்பது வடிவத்தில் பிழையற்ற அனுமானமே, அதாவது காரணத்திலிருந்து முடிவை முறையாகப் பெறுவதே. அதன் குறை, மறுப்பவரை ஓர் அடிகூட நகர்த்தாமையே. முடிவு காரணத்தில் எவ்வகையிலேனும் அடங்கியிருந்தாலே பிழை என்று கொண்டால் அப்படி வடிவத்தில் பிழையற்ற எந்த அனுமானமும் தப்பாது. ‘மனிதர் எல்லோரும் இறப்பர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே அவரும் இறப்பார்’ என்ற வகை அனுமானங்களின் மீதே ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843இல் இக்குற்றத்தைச் சுமத்தினார். போட்டி மேடைக்கு அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. முடிவை முன்கூட்டியே ஏற்காத ஒருவர் அந்தக் காரணத்தை ஏற்க இடமுண்டா என்று பாருங்கள். இடமிருந்தால், அல்லது எதிரணியே அதை முன்னர் ஒப்புக்கொண்டிருந்தால், ஆட்சேபத்தைத் தள்ளிவிடலாம்.

அம்மாணவர் “கூலியில் பெரும்பகுதி கடையிலேயே தீர்ந்துவிடுகிறது” என்று சொல்லியிருந்தால், அது சரியா தவறா என்று எதிரணி தனியே வாதிட வேண்டியிருந்திருக்கும். அவர் சொன்ன வாக்கியத்திற்கு மதிப்பெண் இல்லை; ஆனால் மதுக்கடைகளை மூடக் கூடாது என்று எதிரணி நிறுவிவிட்டதாகவும் அதனால் ஆகிவிடாது.