முல்லர் என்னும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் கரூர்க்காரன். சில வருடங்களாக ஸ்டுட்கார்ட்டில் வேலை. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் முல்லர். என் குழுவில் இரண்டு முல்லர், பல் டாக்டர் முல்லர், மேல்வீட்டு அம்மா முல்லர். தயிர் டப்பாவில் முல்லர், சோப்பு ஷாம்பு வாங்கப் போகும் கடையின் பலகையிலும் முல்லர். இவர்களெல்லாம் ஒரே வம்சமா, நம் ஊரில் பங்காளிகள் என்கிறோமே அந்த மாதிரி? இல்லை, இது ஒரு ஜாதிப் பெயரா? வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லருக்கும் இவர்களுக்கும் உறவு உண்டா?

அலுவலகத்தில் கேட்டபோது, "மாவு மில்காரர் என்று அர்த்தம்" என்றார்கள். மில்காரர் ஊருக்கு ஒருவர்தானே இருந்திருப்பார்? அப்புறம் எப்படி நாட்டிலேயே அதிகம் பேருக்கு இந்தப் பெயர் வந்தது? நேரம் இருக்கும்போது விளக்குங்கள்.

எஸ்., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள எஸ்.,

உங்கள் சந்தேகத்திலேயே பதிலும் இருக்கிறது. ஊருக்கு ஒரு மில்காரர்தான் இருந்தார். அதனாலேயே அந்தப் பெயர் நாடு முழுக்க வந்தது.

கரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் "ரைஸ்மில்காரர் வீட்டுப் பையன்" என்று சொன்னால் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "வெள்ளாமை பார்க்கிறவர் வீட்டுப் பையன்" என்றால் எந்த வீடு என்று திருப்பிக் கேட்பார்கள். இடைக்கால ஜெர்மனியில் நடந்ததும் இதுதான். 12ஆம் நூற்றாண்டு வரை அங்கே சாதாரண மக்களுக்கு ஒற்றைப் பெயர். ஹான்ஸ், கோன்ராட், ஹைன்ரிஷ் என்று முடிந்துவிடும். ரைன் நதிக்கரை நகரங்கள் பெருத்து, வரி, பத்திரம், வாரிசுரிமை என்று எழுத்துவேலை கூடியதும் எந்த ஹான்ஸ் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தகப்பன் பெயர், பிறந்த ஊர், வீடு இருந்த மேடு பள்ளம், தலைமுடியின் நிறம், தொழில் என்று எது கைக்குக் கிடைத்ததோ அதைப் பெயரோடு சேர்த்தார்கள். முதலில் அது அந்த ஆளோடு போய்விடும் பட்டப்பெயர்தான். அப்புறம் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மன் பேசும் பகுதிகளில் பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டது. வடகோடியில் இருந்த ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் மட்டும் நம்மைப் போலவே தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி 1811இல் நெப்போலியன் ஆணை போட்டார். அதற்குப் பிறகும் அவர்கள் உடனே மாறிவிடவில்லை.

ஊரே உழும்போது உழவர் என்ற பெயர் யாரையும் தனியாகக் காட்டாது. அந்தப் பொருள் கொண்ட 'பௌவர்' என்ற குடும்பப் பெயர் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் முதல் பத்தில் வராது. முன்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள்: முல்லர், கொல்லரான ஷ்மிட், தையல்காரரான ஷ்னைடர், மீனவரான ஃபிஷர், நெசவாளரான வெபர். எல்லாமே ஊருக்கு ஓரிருவர் செய்த வேலை.

அந்த மில்லைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்தப் பெயரின் கனம் புரியும். நீர்ச்சக்கர ஆலையை அந்தப் பக்கம் பரப்பியவர்கள் ரோமானியர்கள். தொழிலின் பெயரும் அவர்களுடைய லத்தீனிலிருந்து வந்தது: மொலினாரியஸ். அது ஜெர்மன் வாயில் தேய்ந்து முல்னர் ஆகி, பிறகு முல்லர் ஆனது. ஆலை கட்டுவது எளிய காரியம் இல்லை. ஓடும் நீர் வேண்டும், அதைத் திருப்பும் உரிமை வேண்டும், சக்கரத்துக்கும் கல்லுக்கும் பெரிய முதல் வேண்டும். பிரபுவோ மடமோதான் அதைச் செய்ய முடியும். கட்டிய பிறகு, இந்த எல்லைக்குள் இருப்பவர்கள் வேறெங்கும் அரைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். பக்கத்து ஊர் மில் கிட்டேயே இருந்தாலும் அங்கே மூட்டையைக் கொண்டுபோனால் அபராதம்.

குடியானவர் மூட்டையோடு வந்து தன் முறைக்காகக் காத்திருப்பார். அரைப்புக்கூலி காசாக இல்லை, தானியமாகத்தான். மில்காரர் கையில் 'மெட்ஸே' என்று ஒரு அளவுபாத்திரம் இருக்கும். பிரஷ்யா, சாக்சனிப் பக்கங்களில் 'ஷெஃபல்' என்ற அவர்களுடைய பெரிய தானிய அளவையில் அது பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் சொன்னால் ஒரு வீசம். வந்த தானியத்திலிருந்து அந்த அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தை அரைத்துத் தருவார். பிரச்சினை அங்கேதான் தொடங்கும். உள்ளே போனது தானியம், வெளியே வந்தது மாவும் தவிடும். தூசியாகப் பறந்தது எவ்வளவு, ஈரம் காய்ந்து குறைந்தது எவ்வளவு, கல்லிடுக்கில் தங்கியது எவ்வளவு என்று வெளியே நிற்பவரால் சொல்ல முடியாது. மில்காரர் பாத்திரத்தைத் தலைதட்டி அளந்தாரா, கோபுரமாக அள்ளினாரா என்றும் பார்த்திருக்க முடியாது. வேறு மில்லுக்கும் போக முடியாது. ஆகவே ஊர் முழுக்க அவர்மேல் சந்தேகம். போதாததற்கு அவர் வீடு ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில். இராத்திரியும் சக்கரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சந்தேகம் வெறும் வம்புப்பேச்சாக நிற்கவில்லை. பல பகுதிகளில் மில்காரர்களை 'மரியாதை இல்லாத தொழில்' செய்பவர்கள் பட்டியலில் வைத்திருந்தார்கள். லினன் நெய்பவர், நாவிதர், ஆட்டிடையர், சுங்கம் வசூலிப்பவர், குழல் ஊதுபவர் எல்லாரும் அதே பட்டியல். இவர்களுடைய பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் தொழில் பழகச் சேர்த்துக்கொள்ளாது. 1548இல், அன்றைய ஜெர்மன் பகுதிகள் அடங்கிய புனித ரோமப் பேரரசின் சட்டம் ஒன்று இந்தத் தொழில்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவர்களை ஒதுக்கக் கூடாது என்றது. 1577இல் அதையே திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. இன்று ஜெர்மனியில் அதிகம் பேர் தாங்கும் பெயர், ஒரு காலத்தில் ஊர் விலக்கிவைத்த ஆளுடைய பெயர். இந்த வரலாற்றில் என்னை அதிகம் பாதிப்பது இதுதான்.

ஜாதியா என்று கேட்டிருந்தீர்கள். விலக்கி வைத்தலைப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் இல்லை. பெயர் ஒரு தலைமுறையில் உறைந்து நின்றுவிட்டது. வேலை அதோடு சேர்ந்து உறையவில்லை. முல்லரின் பேரன் கொத்தனாராகலாம், குமாஸ்தாவாகலாம், அவன் பெயர் முல்லர்தான். முல்லர் முல்லரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் கிடையாது. ஒருவர் பெயரைக் கேட்டு அவர் எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையை ஜெர்மன் குடும்பப் பெயர் செய்வதில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் வருவதைப் பார்த்ததும் நமக்கு அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அங்கே அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

வம்சம் என்பதற்கும் இதே பதில்தான். ஆயிரக்கணக்கான ஓடைகளில் ஆயிரக்கணக்கான மில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தனித்தனியாக ஒரு முல்லர் குடும்பம் முளைத்தது. உங்கள் பல் டாக்டரும் மேல்வீட்டு அம்மாவும் பங்காளிகளாக இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தயிர் நிறுவனமும் நீங்கள் சொல்லும் கடையும்கூட வேறு வேறு குடும்பங்கள் தொடங்கியவைதாம். 1970 உலகக் கோப்பையில் 10 கோல் போட்ட கெர்ட் முல்லரும், 2010இல் தங்கக் காலணி வாங்கிய தாமஸ் முல்லரும் பயர்ன் மியூனிக் அணிக்குத்தான் ஆடினார்கள், உறவினர்கள் இல்லை. ஸ்விட்சர்லாந்திலும் முதலிடம் முல்லர்தான். பூச்சிக்கொல்லியாக டிடிடியின் வீரியத்தைக் கண்டுபிடித்து 1948இல் நோபல் வாங்கிய பால் முல்லர் அந்த நாட்டுக்காரர். 2009இல் இலக்கியத்துக்காக வாங்கிய ஹெர்டா முல்லர் ருமேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழி வந்தவர்.

இத்தனை சொன்னாலும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஏறக்குறைய நூறு பேருக்கு ஒரு முல்லர், நாடு முழுக்கச் சுமார் 7 லட்சம் பேர். தென்கொரியாவில் ஐந்து பேரில் ஒருவர் கிம். அதோடு ஒப்பிட்டால் முல்லர் கொஞ்சம்தான். ஜெர்மனியில் குடும்பப் பெயர்கள் லட்சக்கணக்கில் இருப்பதால் நூற்றுக்கு ஒன்று என்பதே முதலிடத்துக்குப் போதுமானதாக இருக்கிறது.

அந்த முதலிடமும் எழுத்துக்கூட்டலால் வந்தது. கொல்லர்கள் ஷ்மிட் என்றும், ரைன்–மைன் பகுதியில் வேறு எழுத்தில் இன்னொரு ஷ்மிட் என்றும், கொலோன் பக்கம் ஷ்மிட்ஸ் என்றும், உங்கள் ஸ்டுட்கார்ட் பக்கம் கடைசி எழுத்து குறைந்த ஷ்மிட் என்றும் சிதறிவிட்டார்கள். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால் முல்லரைத் தாண்டிவிடுவார்கள். பண்ணையை மேற்பார்த்தவரின் பெயரான மையருக்கும் இதே கதி. ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். முல்லரிலும் கிளைகள் உண்டு. வடக்கே ஹாம்பர்க், ஹோல்ஸ்டைன் பக்கம் மொல்லர், ஆக்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் மில்லர், படித்தவர்கள் லத்தீனாக்கிக்கொண்ட மோலிடோர். ஆனால் அவை எல்லாம் சின்னக் கிளைகள், நடுமரம் உடையவில்லை. 1876 தொடக்கத்திலிருந்து ஜெர்மனி முழுக்கப் பிறப்பு இறப்புப் பதிவு அரசாங்க வேலையானது. அதுவரை பாதிரியார் கேட்டபடி எழுதிய பெயர், அதற்குப் பிறகு எழுத்து மாறாமல் நின்றுவிட்டது. அமெரிக்கா போனவர்கள் கதை தனி. அங்கே ஏராளமான முல்லர்கள் மில்லர் ஆகிவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் பத்துப் பெயர்களில் மில்லர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லத்தீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னையில் இருந்து தமிழில் பைபிளை மொழிபெயர்த்த ஜெர்மானியர் பப்ரிசியஸை அறிந்திருப்பீர்கள். பப்ரிசியஸ் என்பது பொதுவாக ஷ்மிட்டின் லத்தீன் வடிவம். அவருக்கு முன்பு அங்கே ஊழியம் செய்த சுல்ட்சேயின் பெயருக்கு ஊர்த்தலைவர் என்று பொருள். நம்மிடையே வந்து வாழ்ந்த ஜெர்மானியர்களின் பெயர்களிலும் அந்த ஊர்க் கிராமம் முழுசாக இருந்திருக்கிறது.

இப்போது மாக்ஸ் முல்லருக்கு வருவோம். பெயர் பெருத்துப்போனதன் அவஸ்தையை அவர் அளவுக்கு நேராகச் சந்தித்தவர் குறைவு. 1823இல் டெஸ்ஸௌ நகரில் பிறந்தவர். அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். தாத்தா தையல்காரர்! பெயர் மில்காரர், பிழைப்பு தையல், மகன் கவிஞன், பேரன் வேத அறிஞன். ஜாதி இல்லை என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. 1816இல் பெர்லினில் ஒரு வீட்டில் நண்பர்கள் கூடிப் பாட்டும் கவிதையுமாக ஒரு நாடக விளையாட்டு ஆடினார்கள். மில்காரர் மகளைக் காதலிக்கும் மில் தொழிலாளியின் வேடம் வில்ஹெல்முக்கு வந்தது, பெயர் முல்லர் என்பதால். அந்த வேடத்துக்காக எழுதத் தொடங்கிய கவிதைகளை அவர் பிறகு விரித்து எழுதினார். 1823இல், மாக்ஸ் பிறந்த அதே வருடம், ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்தார். இன்றைக்கும் ஜெர்மன் பாடகர்கள் பயபக்தியோடு பாடும் பாடல்கள் அவை. ஒரு தையல்காரர் மகன், தனக்கு வந்து சேர்ந்த பெயரின் வழியே ஒரு மில்லுக்குள் போய்த் தன் நல்ல கவிதைகளைக் கண்டெடுத்திருக்கிறான்.

மகனுக்கு அந்தப் பெயர் போதவில்லை. முல்லர் என்று மட்டும் எழுதினால் எந்த முல்லர் என்று யாருக்குத் தெரியும்? ஃப்ரீட்ரிஷ் மாக்ஸ் முல்லர் என்பதில் நடுவில் இருந்த மாக்ஸை இழுத்துக் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 700 வருடங்களுக்கு முன்னால் ஹான்ஸ்கள் பெருகியபோது அடையாளத்துக்காக முல்லர் என்பதைச் சேர்த்தார்கள். முல்லர்கள் பெருகியபோது அடையாளத்துக்காக மறுபடி ஒரு முதற்பெயரைச் சேர்க்க வேண்டி வந்தது. பிரிட்டிஷ் தூதராக இருந்த அவருடைய மகனுக்கும் குடும்பப் பெயர் மாக்ஸ் முல்லர் என்றே ஆனது. ரிக் வேதப் பதிப்பின் சமஸ்கிருத முகப்பில் தன்னை 'மோக்ஷமூலர பட்டர்' என்று போட்டுக்கொண்டார். ஆக, முல்லர் என்ற பெயரை மட்டும் வைத்து உங்கள் குழுவினரை அவருக்கு உறவாக்க முடியாது.

அவர்களில் யாருக்காவது தன் முல்லர் எந்த மில்லிலிருந்து வந்தவர் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், வழி இருக்கிறது. 1876 வரை அரசுப் பதிவேட்டில் போகலாம். அதற்கு முன்பு தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். பல ஊர்களில் அவை 16, 17ஆம் நூற்றாண்டுவரை போகும். இடையில் 17ஆம் நூற்றாண்டில் நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்துபோனவையும் உண்டு. ஊர் பெயர் கையில் இல்லாமல் முல்லர் என்று மட்டும் தேடப் போனால் கடலில் விழுந்த மாதிரிதான். முதலில் பாட்டன் பூட்டனின் கிராமத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு வருடமும் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு மறுநாள் திங்கள்கிழமை, ஜெர்மனி முழுக்கப் பழைய நீராலைகளையும் காற்றாலைகளையும் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறார்கள். 1994இலிருந்து நடக்கிறது. அன்றைக்கு விடுமுறைதான். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் விசாரித்தால் ஏதாவது ஒரு ஆலை திறந்திருக்கும். உள்ளே போனால் அரைகல்லுக்கு மேலே தானியம் கொட்டும் பெட்டியையும், அதிலிருந்து கல்லின் கண்ணுக்குள் மணி மணியாக உதிரும் விதத்தையும் காட்டுவார்கள். சில இடங்களில் மாவும் விற்பார்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.