பர்மா பேரேட்டை பிளாக்செயினில் வைக்கலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடியில் பழைய கணக்குப் பேரேடு, கடிதக் கட்டு, கல்யாண போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து கொடுப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டின் அறுநூறு பக்கத்தை ஒரு கிளவுட் கம்பெனியில் போட்டு வைத்திருந்தேன். கார்டு காலாவதியானது தெரியாமல் இருந்துவிட்டேன், கணக்கை மூடி எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் பரவலாக்கப்பட்ட சேமிப்பு பக்கம் வந்தேன். ஒரே கம்பெனியின் சர்வரை நம்பாமல் பல பேருடைய கணினிகளில் ஃபைலை வைத்து, யார் எவ்வளவு காலம் காக்கிறார்கள் என்ற கணக்கை பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில், எழுதி வைக்கும் முறை அது. காவல் விதிகளை நிரலாகவே எழுதிவிடலாம் என்பதால் 'நிரல் எழுதக்கூடிய சேமிப்பு' என்றும் சொல்வேன். அதைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

கண்டனூரிலிருந்து ஒருவர்: பிளாக்செயினில் ஏற்றினால் அழியாது என்கிறார்கள். போட்டோவை நேரே ஏற்றிவிடலாமா?

முடியாது அண்ணே, செலவு தாங்காது. எத்தீரியம் என்ற பெரிய பிளாக்செயினில் 32 பைட் புதிதாக எழுதவே குறைந்தது 20,000 கேஸ் ஆகும், கேஸ் என்பது அங்கே வேலைக்குக் கட்டணம் அளக்கும் அலகு. ஒரு எம்பிக்குக் கணக்குப் போட்டால் 65 கோடி கேஸைத் தாண்டுகிறது. பல வருடம் அங்கே ஒரு பிளாக்கின், அதாவது ஒரே தடவையில் பதிவாகும் ஒரு கட்டின், வரம்பே 3 கோடிதான், அப்படியென்றால் இருபதுக்கும் மேற்பட்ட பிளாக்குகளை முழுசாக வளைத்துப் போட்டால்தான் ஒரு எம்பி உள்ளே போகும். போனில் எடுத்த ஒரு படமே மூன்று நாலு எம்பி. அதனால் செயினில் இருப்பது ஃபைலின் ஹாஷும், அதாவது அதன் கைரேகையும், அதற்கான விதிகளும் மட்டும்தான். ஃபைல் வேறு இடத்தில் இருக்கும். அந்த வேறு இடம் எது என்று கேட்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. 2022-ல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை திவாலானபோது அங்கே உருவாக்கிய பல என்எஃப்டிகளின், அதாவது ஒரு படம் இன்னாருடையது என்று செயினில் சொல்லும் டோக்கன்களின், படம் காணாமல் போனது. டோக்கன் செயினில் பத்திரமாக இருந்தது, படம் இருந்தது அவர்களுடைய சர்வரில்.

தேவகோட்டை ஆச்சி: பேரன் ஐபிஎஃப்எஸ்ஸில் போட்டுக் கொடுத்தான். இப்போது திறக்க மாட்டேன் என்கிறது.

ஐபிஎஃப்எஸ் என்பது ஃபைலின் கைரேகையையே முகவரியாக வைத்து, அதை வைத்திருக்கும் கணினியைத் தேடிப் பிடிக்கும் முறை. அது முகவரி மட்டும்தான் கொடுக்கும் ஆச்சி, காவல் காக்காது. யாராவது ஒரு கணினி அந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அது கிடைக்கும், பேரன் லேப்டாப்பை மாற்றியிருப்பான். முதலில் அவனிடம் பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். அதே ஃபைலை ஒரு எழுத்தும் மாறாமல், முன்பு ஏற்றிய அதே அமைப்பில் மறுபடி ஏற்றினால் அதே முகவரி திரும்ப வேலை செய்யும்.

காவலுக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடுதான் 2020 அக்டோபரில் வந்த ஃபைல்காயின். இடம் கொடுப்பவர் பிணையாக டோக்கன் கட்ட வேண்டும், ஃபைல் இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கணித முறையில் நிரூபிக்க வேண்டும். தவறினால் பிணையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். வட்டிக்கடை நடத்திய வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து: சரி, 'நிரல் எழுதக்கூடிய சேமிப்பு' என்கிறீர்களே, சாதாரண டிரைவில் இல்லாத எது இதில் இருக்கிறது?

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவர் சென்னை, ஒருவர் மலேசியா, இரண்டு பேர் ஊரில். ரங்கூன் கடைப் பேரேடு எல்லாருக்கும் பொது. 1942-ல் பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கையோடு கொண்டுவர முடிந்த கணக்கே கொஞ்சம், அதில் மிஞ்சியது இது. ஸ்கேன் செய்து டிரைவில் போட்டால் அது யாராவது ஒருவருடைய பெயரில்தான் இருக்கும். அவர் பணம் கட்ட மறந்தால், கோபித்துக்கொண்டால், காலமாகிவிட்டால், பேரேடு அதோடு போச்சு. நான் பார்த்தவரை பொருள் தொலைவது இப்படித்தான், டிஸ்க் கெட்டுப் போய் தொலைந்ததைவிட இதுதான் அதிகம்.

நிரல் சேர்ந்த சேமிப்பில் ஃபைலின் காவல் காலமும், அதை நீட்டிக்கும் உரிமையும், அழிக்கும் உரிமையும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் கையில், அதாவது எழுதிய விதிப்படியே செயினில் ஓடும் நிரலின் கையில், இருக்கும். 2023 மார்ச்சில் ஃபைல்காயினுக்கு இந்த நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம் வந்த பிறகு அங்கே காவல் காலத்தைக் கான்ட்ராக்ட் மூலம் நீட்டிக்க வழி பிறந்தது. 2025 மார்ச்சில் சுயி என்ற பிளாக்செயினை ஒட்டி வந்த வால்ரஸ் என்ற சேமிப்பு இன்னும் எளிது, அங்கே ஒவ்வொரு ஃபைலுக்கும் செயினில் உரிமைச் சீட்டு மாதிரி ஒரு பதிவு உண்டு, கான்ட்ராக்ட் அதை வைத்திருக்கலாம், கைமாற்றலாம், ஆயுளை நீட்டிக்கலாம். ஃபைலை அவர்கள் துண்டு துண்டாகக் குறியாக்கம் செய்து பல நோடுகளில், அதாவது சேமிப்புக் கணினிகளில், பரப்புகிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு துண்டு தொலைந்தாலும் மீட்டுவிடலாம், அதற்கு விலையாக ஃபைலின் அளவைப் போல ஐந்து மடங்கு வரை இடம் பிடிக்கும்.

அங்கே பொதுச் சொத்தாக வைத்த ஃபைலுக்கு யார் வேண்டுமானாலும் பணம் போட்டு ஆயுளை நீட்டிக்கலாம். நகரத்தார் கோயிலுக்குப் புள்ளி வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, கட்டுகிறோமே, அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு புள்ளியும் கான்ட்ராக்டில் கொஞ்சம் போடட்டும், அது பேரேட்டின் காவலுக்குத் தவிர வேறு எதற்கும் வெளியே போகாது என்று எழுதிவிடலாம். அழிக்க வேண்டுமானால் முக்கால்வாசிப் பங்காளிகள் கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதலாம். இரண்டு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். வால்ரஸில் ஒரே தடவையில் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்குத்தான் காலம் வாங்க முடியும். அப்புறம், கான்ட்ராக்ட் தானாக விழித்துக்கொள்ளாது, தவணை வரும்போது யாராவது ஒருவர் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். பணம் உள்ளே இருந்தும் தட்ட ஆள் இல்லாமல் காலம் முடிந்தால் பயனில்லை, அதனால் அந்த வேலைக்கு ஊரில் ஒருவர், வெளியூரில் ஒருவர் என்று இரண்டு பேரைப் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர்: யார் யாருக்குக் கடன் கொடுத்தோம் என்று ஊரே பார்க்குமா?

என்கிரிப்ட் செய்யாமல் போட்டால் பார்க்கும். வால்ரஸ், ஃபைல்காயின் எல்லாமே பொதுவெளிதான், பூட்டுவது உங்கள் பொறுப்பு. உங்கள் கணினியிலேயே பூட்டிவிட்டு ஏற்றுங்கள். சாவியை ஒருவரிடம் கொடுக்காதீர்கள். ஆதி ஷமீர் என்ற குறியாக்க அறிஞர் 1979-ல் சொன்ன முறை ஒன்று இருக்கிறது, சாவியை ஐந்து பங்காகப் பிரித்து எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும்படி வைக்கலாம், இரண்டு பங்கு மட்டும் கிடைத்தவருக்கு ஒன்றும் புரியாது. பெரிய வீட்டில் எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் தொங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா!

பள்ளத்தூரிலிருந்து: ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்கிற ஆர்வீவ்?

2018-லிருந்து இருக்கிறது. கட்டும் பணத்தில் பெரும்பகுதி ஒரு நிதியாக ஒதுங்கி, சேமிப்பின் விலை வருடத்துக்கு அரை சதவீதமாவது குறையும் என்ற கணிப்பில் 200 வருடம் தாங்கும்படி விலை வைக்கிறார்கள். வீட்டுப் படம், கோயில் கல்வெட்டுப் படம், ஆத்தங்குடிக் கல்லின் டிசைன் போன்றவற்றுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடன் கணக்கு, ஜாதகம், ஆஸ்பத்திரி சீட்டு எதையும் பூட்டியும்கூட அங்கே போடாதீர்கள், போட்டதை எடுக்க வழியில்லை, இன்றைய பூட்டு முப்பது வருடம் கழித்தும் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கல்லூரித் தம்பி ஒருவர்: இந்த டோக்கன்களை வாங்கிப் போடலாமா அண்ணே?

சேமிப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கு தம்பி. லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அந்த நேரத்தில் பங்காளி நிதிக்கான கான்ட்ராக்டை எழுதிப் பழகு, பழகுவதற்கென்றே இருக்கும் சோதனை நெட்வொர்க்கில் டோக்கன் இலவசம்.

புதுவயலிலிருந்து: பூர்வீகப் பத்திரத்தை இதில் ஏற்றினால் கோர்ட்டில் செல்லுமா?

அதை நம்பி இறங்காதீர்கள். இந்தத் தேதியில் ஏற்றிய ஸ்கேன் அதற்குப் பிறகு மாறவில்லை என்பதைத்தான் ஹாஷ் காட்டும். ஏற்றிய பத்திரமே போலியாக இருந்தால் போலியைத்தான் பத்திரமாகக் காக்கும். வக்கீலையும் பதிவு அலுவலகத்தையும் பாருங்கள்.

கோட்டையூர் ஆச்சி: ஸ்கேன் ஆனதும் பழைய நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம் ஆச்சி, கையெடுத்துக் கேட்கிறேன். உங்கள் ஊர்க்காரர் ரோஜா முத்தையா காகிதத்தைக் காகிதமாகவே சேர்த்து வைத்ததால்தான் 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, 1994-ல் சென்னையில் அவர் பெயரில் நூலகமும் வந்தது. ஸ்கேனில் மையின் பள்ளம் தெரியாது, தாளின் நீர்க்குறி தெரியாது. உங்கள் வீட்டு 400 பக்கப் பேரேட்டை நல்ல தரத்தில் எடுத்தால் பத்து ஜிபி வரும், இரண்டு நாள் வேலை. வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். அதுவரை பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.